மடிகிற கூரைக்கு முட்டுக்கம்பு

காரை வாங்கிக்கொண்டு வந்த முதல் நாளே அதற்குள் மழை பெய்தது. குமுளி மலையில் இறங்கும்போது பிடித்த மழை அது. மற்ற வண்டிகளுக்கெல்லாம் வெளியே மட்டும் பெய்தது. எங்களுக்கு என் கணவரின் இடது முழங்காலிலும் பெய்தது. அவர் கைக்குட்டையை எடுத்து முழங்காலின் மேல் விரித்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்தார். கூடலூர் வருவதற்குள் கைக்குட்டையை இரண்டு முறை பிழிய வேண்டியிருந்தது.

"டாக்டர், தெரியாமத்தான் கேக்குறேன். இது கூரையா, சல்லடையா?" என்றார்.

நான் பல் மருத்துவர். தேனியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். அவர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். வீட்டிலும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கார் என்னோடு படித்த ஒருத்தி கொச்சியில் வைத்திருந்தது. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் டிக்கியின் மூடி பின்பக்கமாக எழும்பும். பிறகு தகட்டுக் கூரை இரண்டாக மடிந்து, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கிறவர்களுக்கு அரை நிமிட வித்தை. பல வருடங்களுக்கு முன் ஒரு மாலை, கடலோரச் சாலையில் அவள் என்னை அந்தக் காரில் கூட்டிப்போனாள். அன்றைக்குத் தலைமுடி காற்றில் பறந்து வாய்க்குள் போனதுகூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் குடும்பத்தோடு வெளிநாடு போகப் போகிறாள் என்று தெரிந்ததும், காரை எனக்குக் கொடு என்று கேட்டவள் நான்தான். "ஓட்டுறது ஈஸி. கூரையத்தான் குழந்தை மாதிரி பாத்துக்கணும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள். அது சும்மா ஒரு பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிளினிக்கில் அவசரமாக ஒரு பல் பிடுங்க வேண்டியிருந்தது. மதியம் வீட்டுக்கு வந்தால், என் கணவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார். முழங்கை வரைக்கும் கறுப்பு. தோட்டத்து மோட்டாருக்குப் போடும் கிரீஸ் டப்பா திறந்து கிடந்தது. கண்ணாடியும் கூரையும் சேரும் இடத்தில் ஓடும் ரப்பர் பட்டைக்கு மெக்கானிக்குகள் பீடிங் என்பார்கள். அதில் ஒரு இடம் விடாமல் தடவி முடித்திருந்தார்.

"ரப்பர் காஞ்சு போயிருந்துச்சு. அதான் தண்ணி வந்திருக்கு" என்றார்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நன்றிகூடச் சொன்னேன்.

பத்து நாளில் கதவுக் கண்ணாடி ஏறும்போதெல்லாம் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பீடிங்கைத் தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது. ஆடிக் காற்று வேறு. கம்பம் பக்கத்திலிருந்து வரும் காற்று செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து அந்தக் கிரீஸின் மேல் அப்பியது. அடுத்த மழையில் தண்ணீர் முழங்காலோடு நிற்காமல் அவருடைய தோளிலும் விழுந்தது.

அப்போதுதான் காரோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டியது. இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் கிடைக்கும் பத்து நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்ததில், எண்ணெயிலிருந்து எடுத்த எந்த கிரீஸும் இந்த ரப்பருக்கு ஆகாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்த பக்கம் வந்தது. அதைத் திறந்தபடியே இரவுச் சாப்பாட்டின்போது அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் படித்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

"ஹைட்ரோகார்பன் ரப்பர்ல ஊறும். ஊறி உப்பும்" என்றார். "பிளஸ் டூ பசங்களுக்கு நான்தான் வருசா வருசம் சொல்லித் தர்றேன்."

நான் கையேட்டை மூடி எடுத்து வைத்தேன். அவர் முகமே போதுமாக இருந்தது.

அந்த வாரம் இரண்டு பேரும் உட்கார்ந்து பீடிங்கைக் கழுவினோம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, மெத்தென்ற துணி. பெட்ரோல், தின்னர் பக்கமே போகக் கூடாது. குழாயை அழுத்திப் பீய்ச்சவும் கூடாது, ரப்பர் பள்ளத்திலிருந்து எழும்பிவிடும். மூன்று நாள் பிடித்தது. துணியைத் திருப்பித் திருப்பிக் கறுப்பு வராமல் போகும்வரைக்கும் துடைத்தோம். பிறகு நன்றாகக் காயவிட்டு, ரப்பருக்கென்றே இருக்கும் சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பூசி, மிச்சத்தைத் துடைத்தோம்.

ஆனாலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் எங்கோ ஒழுகியது. எங்கே என்றுதான் தெரியவில்லை. உள்ளே சொட்டுகிற இடமும் தண்ணீர் நுழைகிற இடமும் ஒன்றாக இருப்பதில்லை. வலிக்கிற பல்லும் கெட்ட பல்லும் சிலருக்கு ஒன்றாக இருக்காது, அது மாதிரி.

எனக்கு அப்போது கிளினிக் ஞாபகம் வந்தது. பல்லை அடைத்த பிறகு, கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நீல நிறத்தில் மெல்லிய தாள் ஒன்றை இரண்டு பல்வரிசைக்கும் நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வோம். படுகிற இடத்தில் நீலம் ஒட்டும். படாத இடம் வெள்ளையாகவே இருக்கும். மறுநாள் அந்தத் தாளில் ஒரு பெட்டி எடுத்துவந்தேன். கண்ணாடியின் விளிம்பில் தாளை வைத்துக் கதவை மூடி, ஒரு நிமிடம் கழித்துத் திறந்து, அடுத்த துண்டை வைத்து, இப்படியே இடது பக்கம் முழுவதும் கடி பார்த்தேன். கடிபட்ட இடத்தில் கண்ணாடியில் நீலக் கோடு விழுந்தது. முன்பக்க மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலு விரல் அகலத்துக்கு நீலமே இல்லை. அதற்குப் பக்கத்தில் ரப்பர் உப்பி, கண்ணாடியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் இந்த நாலு விரலில் இடைவெளி விழுந்துவிட்டது.

"உயர்ந்து நிக்கிற பல்லு ஒண்ணு இருந்தா மத்த பல்லு கடிக்காது, அதே கதைதான்" என்று கணவரிடம் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "இதுக்குப் பேருதான் டயக்னாசிஸ்" என்றார். அன்றைக்கு முழுவதும் எனக்கு அந்த வார்த்தை காதில் இனித்தது.

வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வைத்து, கூரை மடியும் இடத்துக்குக் கீழே தண்ணீர் வழிந்தோடும் ஓட்டைகளையும் பார்த்தேன். வலது ஓட்டையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இடது ஓட்டையில் வேப்பிலைக் குப்பை. கம்பியை விட்டுக் குத்தினால் உள்ளே இருக்கும் குழாய் கிழிந்துவிடும் என்பதால், புல் வெட்டும் மிஷினில் போடும் நைலான் நரம்பை ஒரு முழம் வெட்டி, மெதுவாக விட்டுச் சுழற்றி எடுத்தோம். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியதும் சக்கரத்துக்குப் பின்னால் ஒழுங்காகச் சொட்டியது. நாங்கள் இருவரும் குத்தவைத்து உட்கார்ந்து அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை, எதிர்வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

உப்பிப்போன பீடிங்கை மாற்ற ஒரு மெக்கானிக் வேண்டியிருந்தது. தேனியில் இந்த மாதிரிக் காரை யாரும் கையில் எடுக்கவில்லை. என்னிடம் பல் கட்டிக்கொண்ட ஒருவர், டிப்பர் லாரிக்கும் டிராக்டருக்கும் ஹைட்ராலிக் வேலை பார்க்கும் பட்டறைக்காரர், அவராகவே கேட்டார், "நான் பாக்கட்டுமா டாக்டரம்மா?" என்று. ஐம்பது வயதிருக்கும். வந்தவர் காரைத் தொடுவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். எனக்கு உடனே பிடித்துப்போனது.

பீடிங்கை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மோட்டார் கிரீஸா?" என்றார்.

என் கணவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"சார் நல்ல எண்ணத்துலதான் போட்டிருக்காக" என்று என்னிடம் சொன்னார். "புதுசு வரவழைச்சுப் போட்டுருவோம். இதையும் கேட்டுக்கங்க. இது காரு மாதிரி இருக்கே ஒழிய, உள்ள இருக்கிறது டிப்பர் சமாச்சாரம். பம்பு எண்ணெய அமுக்குது, சிலிண்டரு தூக்குது. தொட்டி தூக்கி நிக்கும்போது அதுக்கடியில தலைய விட்டவன் எத்தனையோ பேரு. முட்டு குடுக்காம கைய விடக் கூடாது."

நாங்கள் கேட்டுக்கொண்டோம். காதால் மட்டும்தான் கேட்டோம் என்பது பின்னால் தெரிந்தது.

கொச்சியிலிருந்து பீடிங் வருவதற்குள் ஓடைப்பட்டிக்குப் போக வேண்டி வந்தது. அங்கே என் மாமனார் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். கொடிகளுக்குக் கவாத்து முடிந்த கையோடு கிடா வெட்டிப் பங்காளிகளுக்குச் சாப்பாடு போடுவது அவர் வழக்கம். காரோடு வரச் சொல்லி மூன்று முறை போன் பண்ணிவிட்டார். போனவுடன் பந்தல் நிழலில் வண்டியை விடச் சொன்னார்.

"வேணாம் மாமா. கூரை எந்திரிச்சா பந்தக் கம்பியில மாட்டிரும். மேல வெட்டவெளியா இருக்கணும்" என்றேன்.

"அப்பக் களத்துல விடு ஆத்தா. வெயிலு அடிச்சா அடிச்சிட்டுப் போகுது" என்றார்.

களம் சமதளம். மேலே வானம் மட்டும்தான். இன்ஜினை ஓடவிட்டு, டிக்கிக்குள் கூரைக்கு இடம் ஒதுக்கும் தடுப்புத் திரையை இழுத்து மாட்டி, பொத்தானை அழுத்தினேன். கூரை எழுந்து, மடிந்து, உள்ளே போனது. மாமா வாயைத் திறந்தபடி நின்றார். தொழில் புத்தியில் அவருடைய கடைவாய்ப் பல்லைக் கவனித்துவிட்டேன்.

"ஒருக்கா மூடிக் காட்டு" என்றார். மூடினேன். அப்போது அவருடைய தம்பி வந்தார். "எந்தம்பி பாக்கலையே. இன்னொருக்கா தொறந்துரு ஆத்தா." திறந்தேன். மூடினேன். பிறகு சமையலுக்கு வந்தவர்கள் கரண்டியோடு வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் குடும்பத்தோடு வந்தார். பொத்தான் என் கணவர் கைக்குப் போனது. வகுப்பில் சோதனை செய்து காட்டும் முகம் அவருக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் விளக்கமும் சொன்னார். பம்பு எங்கே இருக்கிறது, எண்ணெய் எப்படி ஓடுகிறது என்று. நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். எண்ணிக்கொண்டிருந்தது மாமா மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.

ஏழாவது முறை திறக்கும்போது, டிக்கி மூடி பின்னால் தூக்கியபடி, கூரையின் இரண்டு துண்டும் அந்தரத்தில் பாதி மடிந்தபடி நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் ஒரு சின்ன டிக் சத்தம். வேறொன்றும் இல்லை.

என் கணவர் இறங்கி வந்து, சுற்றிப் பார்த்தார். "ஓ, இதுதான்" என்றார். இரண்டு துண்டும் மடியும் மூலையில் பீடிங் நூல் அளவுக்குப் பள்ளத்தைவிட்டு வெளியே வந்திருந்தது. கையில் வைத்திருந்த மஞ்சள் துணியோடு, இரண்டு விரலை அந்த இடுக்குக்குள் விட்டு அதை உள்ளே தள்ள ஆரம்பித்தார்.

நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். கூரையின் விளிம்புக்கு நேராக, பின்னால் தூரத்தில், தண்ணீர்த் தொட்டியின் மேல்கோடு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு விளிம்புக்கு மேலே வந்தது. தொட்டி நகராது. நகர்வது கூரை.

என் தொழிலில் விரலில் கடி வாங்காதவர்கள் கிடையாது. நோயாளியின் தாடை இறுகப்போகிற நொடி, பார்ப்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். எனக்கு என் விரலில்தான் முதலில் சுருக்கென்றது.

"கைய எடுங்க" என்றேன். கத்தவில்லை. கிளினிக்கில் சொல்லும் குரல்தான். அந்தக் குரலுக்கு அவர் பழகியிருந்தார் போலிருக்கிறது, ஏன் என்று கேட்காமல் எடுத்துவிட்டார். கூரை பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு நாலு விரல்கடை கீழே இறங்கி நின்றது. மஞ்சள் துணி உள்ளேயே மாட்டிக்கொண்டது. அவர் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. விட்டுவிட்டார். தன் இரண்டு விரலையும் மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பட்டறைக்காரருக்குப் போன் பண்ணினேன்.

"சாவிய ஆஃப் பண்ணிட்டீகளா?" என்று கேட்டார்.

"இல்ல. இன்ஜின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"ஓடட்டும். நிப்பாட்டுனா பிரஷரு இன்னும் வெரசா எறங்கிரும். யாரும் பொத்தானத் தொடாதீக. ஆமா, எத்தன தடவ தொறந்தீக?"

எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். "தொறந்தது ஏழு, மூடுனது ஆறு" என்றார் மாமா.

அதைச் சொன்னதும் பட்டறைக்காரர், "பம்பு சூடாகி அதுவா நின்னுருச்சு டாக்டரம்மா. ஆறுனா வந்துரும். ஆனா ஆறுறதுக்குள்ள கூரை எறங்கும். வெளியில நின்னுக்கிட்டு முட்டு குடுத்து வைங்க. நான் கெளம்பிட்டேன்" என்றார்.

முட்டு என்ற சொல்லைக் கேட்டதும் மாமா நடக்க ஆரம்பித்திருந்தார். அடுத்த வயலில் வாழை. குலை தள்ளிய வாழை காற்றில் சாயாமல் இருக்கக் கவட்டைக் கம்பு நட்டிருப்பார்கள். அதில் நான்கு கம்புகளோடு இரண்டு ஆட்களையும் கூட்டிவந்தார். பெயின்ட் போய்விடக் கூடாது என்று கவட்டையில் சாக்கைச் சுற்றிக் கட்டினார். தகட்டுக்குக் கீழே தலையோ கையோ போகாமல், பக்கவாட்டில் நின்றுகொண்டே கம்பைச் சாய்த்து, கவட்டை விளிம்பில் உட்காரும்வரை அடியைத் தள்ளித் தள்ளி நிமிர்த்தினார்கள். முன்துண்டுக்கு இரண்டு, டிக்கி மூடிக்கு இரண்டு. வாழைக்குக் கொடுப்பது போலவே, அசைத்துப் பார்த்துவிட்டு, "நிக்கும்" என்றார் மாமா.

சமையல் நிற்கவில்லை. நாங்கள் களத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கவட்டைக் கம்பில் முட்டு கொடுத்த காரைப் பார்த்துக்கொண்டே கறிச்சோறு சாப்பிட்டோம். இரண்டாவது பந்தி நடக்கும்போது மேற்கே மலைப்பக்கமிருந்து சாரல் வந்தது. சீட்டுகள் நனையாமல் இருக்க நான்கு பங்காளிகள் தார்ப்பாயின் நான்கு மூலையைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டி, காரைவிட்டுத் தள்ளியே நின்றார்கள். ஒருவர் பிடிக்கும்போது இன்னொருவர் போய்ச் சாப்பிட்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

என் கணவர் சாப்பிடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எல்லாருக்கும் விளக்கம் சொன்னேன்ல" என்றார். "பம்பு, எண்ணெய், அழுத்தம், எல்லாம். அழுத்தம் போனா என்ன ஆகும்னு மட்டும் நான் யோசிக்கவே இல்ல."

"அவரு முட்டு குடுக்கச் சொன்னப்ப நானும் அங்கனதான் இருந்தேன்."

"உன் விரல் போயிருந்தா கிளினிக்க மூடணும். என் விரல் போயிருந்தா சாக்பீஸ் பிடிக்க இன்னொரு கை இருக்கு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தேன். கொஞ்சம் சாப்பிட்டார்.

பட்டறைக்காரர் ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்து சேர்ந்தார். கம்புகளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது யாரு வேல?" என்றார். மாமா முன்னால் வந்தார். "எங்க பட்டறையில வந்து சேந்துக்கங்க" என்றார் பட்டறைக்காரர். இரண்டு பக்கமும் ஆட்களை வெளிவிளிம்பில் தாங்கச் சொல்லி, கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லோரையும் விலகச் சொன்னார். அவர்கள் விலகியதும், கூரை இறங்குவதற்குள் பொத்தானை அழுத்தினார். பம்பு முனகியது. கூரை எழுந்து விரிந்து, முன்கண்ணாடிக்கு மேலே கிளிக்கென்று பூட்டிக்கொண்டது. மஞ்சள் துணி வழுக்கிக் கீழே விழுந்தது. அதில் இரண்டு இடத்தில் ஓட்டை. அதை யாரும் எடுக்கவில்லை.

"வேடிக்கை காட்டணும்னா ரெண்டு தடவ. அதுக்கு மேல ஆற விடணும்" என்று சொல்லிவிட்டு அவரும் பந்தியில் உட்கார்ந்தார்.

மறுவாரம் பட்டறையில் எண்ணெயின் அளவைப் பார்த்தார்கள். கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரு சிலிண்டரின் மூட்டில் கசிவு. அதைச் சரிசெய்து, வந்திருந்த புது பீடிங்கையும் போட்டார்கள். நீலத்தாள் வைத்துப் பார்த்தேன். முன்மூலையிலிருந்து பின்மூலை வரைக்கும் ஒரே கோடு. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் இருவரும் சேர்ந்துதான் பார்க்கிறோம். அவர் கழுவித் துடைப்பார். நான் ஓட்டைகளைப் பார்ப்பேன். மடிப்பு மூலைகளைத் துடைக்கக் கூரையைப் பாதியில் நிறுத்துவதே இல்லை. முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ கைக்கு எட்டுகிற மட்டும் துடைப்போம். எட்டாத இடத்தைப் பட்டறையில், இரும்பு முட்டு கொடுத்த பிறகுதான் துடைப்பார்கள். மழையில் நனைந்து வந்தால் காய்ந்த பிறகே திறப்போம். ஈரத்தோடு மடித்தால் டிக்கி முழுக்க ஊசிப்போன வாடை அடிக்கும், அதையும் ஒரு முறை பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் போடியிலிருந்து தேனி வரைக்கும் வந்தோம். என் கணவர் வழி நெடுக முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். வீடு வந்ததும், "காஞ்சு கெடக்கு" என்றார், நம்ப முடியாதவர் மாதிரி.

மழை விட்டதும் மாமாவைப் பல் பார்க்கக் கூட்டிவந்தேன். ஓடைப்பட்டியிலிருந்து கிளம்பும்போது வானம் வெளுத்திருந்தது. காற்று இதமாக இருந்தது. திறக்கட்டுமா என்று கேட்டேன். ஊரே பார்க்க அவரை உட்காரவைத்து ஓட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "மூடியே இருக்கட்டும் ஆத்தா. ஏசியப் போடு" என்றார். சின்னமனூர் வருவதற்குள் தூங்கிவிட்டார்.